பழந்தாளில் புது நகை

நமது கம்பம் பள்ளத்தாக்கில் எந்தக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குச் சென்று இரும்புப் பெட்டியைத் திறக்கச் சொன்னாலும், அங்கே சிறு சிறு பொட்டலங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஒவ்வொரு பொட்டலமும் ஒரு குடும்பத்தின் நகை. நெல் நடவுக்கு உரம் வாங்க ஒருவர் வைத்திருப்பார். திராட்சைப் பந்தலைச் செப்பனிட மற்றொருவர் வைத்திருப்பார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக இன்னொருவர் வைத்திருப்பார். பொன் நமக்கு அணிகலன் மட்டுமன்று. ஆபத்துக் காலத்துச் சேமிப்பும் ஆகும்.

உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் இடையே உள்ள அனுமந்தன்பட்டிக்கு ஆய்வுப் பணியாகச் சென்றிருந்தபோது, ஒரு மூதாட்டியார் தம் தோட்டைக் கழற்றி நகைக் கடனுக்காக எழுத்தரிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். எழுத்தர் எடை போட்டு முடிப்பதற்குள் அவர் மடியிலிருந்து வேறொரு ஜிமிக்கியை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார். சிவப்பும் பச்சையுமாக, கண்ணுக்கு அழகாக இருந்தது. நாம் அதைப் பார்ப்பதைக் கண்டு அவர் சிரித்தார்.

"இது பொன் இல்லை, தம்பி. என் பேத்தி பழைய காலண்டர்த் தாளில் சுற்றியது. இதையே வீட்டில் உட்கார்ந்து செய்து கொடுத்தால், மொத்தமாக வாங்கிக்கொள்கிறோம் என்று சிலர் வந்து சொல்கிறார்கள். முதலில் ஆயிரத்தைந்நூறு ரூபாய் கட்ட வேண்டுமாம். அதற்கும் சேர்த்துத்தான் இந்தத் தோட்டை வைக்கிறேன். கட்டலாமா?"

"இரண்டு நாள் பொறுங்கள், அம்மா. கணக்குப் பார்த்துச் சொல்கிறோம்" என்று விடை கூறி வந்தோம். அந்தக் கணக்கே இக்கட்டுரை. நெசவாளர், வேளாளர் குடும்பங்கள் பலவற்றில் இதே கேள்வி இன்று எழுந்திருக்கிறது. எனவே தொழிலின் முறை, செலவு, வரவு, ஆபத்து ஆகிய நான்கையும் வரிசையாகப் பார்ப்போம்.

தொழிலின் வரலாறு

தாளை நகையாக்குவது புதிய வித்தை அன்று. ஐரோப்பாவில் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே, கன்னியர் மடங்களில் இருந்தவர்கள் நூல்களின் ஓரத்தில் வெட்டி எறியப்பட்ட மெல்லிய தாள்பட்டைகளைச் சுருட்டி, பொற்கம்பி வேலைப்பாடு போலத் தோன்றும்படி அமைத்தார்கள். இன்று நம் கல்லூரிப் பெண்கள் செய்யும் சுருள்தாள் ஜிமிக்கி அந்த மரபில் வந்ததே.

நம் நாட்டிலும் இதற்கு உறவான கலைகள் உண்டு. பழந்தாளை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து உரலில் இடித்து, குடத்தின் மேல் அப்பிக் காயவைத்துக் கூடையும் தட்டும் செய்வது நம் பாட்டிமார் அறிந்த கைவேலை. புதுச்சேரியைச் சார்ந்த திருக்கனூரின் காகிதக் கூழ்க் கைவினைப் பொருள்கள் புவிசார் குறியீடு பெற்றவை. தஞ்சையிற் பிறந்த பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா, 1934இல் காந்தியடிகள் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளராக இருந்து, கழிவுப் பொருள்களிலிருந்து கைக்காகிதம் செய்யும் தொழிலை வளர்க்கப் பாடுபட்டார். தம் இறுதிக் காலத்தை மதுரை மாவட்டத்துத் தே. கல்லுப்பட்டியிற் கழித்த அப்பெரியார், கிராமத்தில் விளையும் பொருளும் கழியும் பொருளும் கிராமத்திலேயே தொழிலாக வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வற்புறுத்தினார்.

அயல்நாட்டு உதாரணம் ஒன்றும் நமக்குப் பாடமாகும். ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டில், உள்நாட்டுப் போரினால் வடபகுதியிலிருந்து ஓடிவந்த அச்சோலி இனப் பெண்கள், தலைநகரான கம்பாலாவின் குன்றுச் சரிவில் கல் உடைத்துப் பிழைத்தார்கள். அவர்கள் பழைய விளம்பரத் தாள்களைச் சுருட்டி மணி செய்தார்கள். 2004இல் அவ்வழியே வந்த அமெரிக்கப் பெண்மணிகள் மூவர் அம்மணிகளைக் கண்டு, 'பீட் ஃபார் லைஃப்' என்ற அமைப்பை நிறுவி, அவற்றை அயல்நாடுகளில் விற்றுக் கொடுத்தார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மணி செய்வதையே வாழ்நாள் தொழிலாக வைத்துக்கொள்ளும்படி அப்பெண்களுக்கு அறிவுறுத்தப்படவில்லை. அதில் வந்த பணத்தைச் சேமித்து, கடையோ கோழிப்பண்ணையோ வேறு நிலையான தொழிலோ தொடங்கும்படியே பயிற்சி அளிக்கப்பட்டது. மணி அவர்களுக்கு ஒரு படிக்கட்டாக இருந்தது.

எந்தத் தாள் ஆகும், எது ஆகாது

வழவழப்பான மாதக் காலண்டர்த் தாள், திருமண அழைப்பிதழ், வார இதழ்களின் மேலட்டை ஆகியவை மிக ஏற்றவை. அச்சகங்களில் ஓரம் வெட்டிய வண்ணத்தாள் துண்டுகள் எடைக்குக் கிடைக்கும். அவை சுருள்வேலைக்குத் தக்கவை. செய்தித்தாள் நாளடைவில் மஞ்சளித்து நொறுங்கும். மையும் கையில் ஒட்டும். அதை உள்மணிக்கும் கூழுக்கும் மட்டும் பயன்படுத்தலாம்.

நெசவாளர் வீடுகளில் தேய்ந்துபோன ஜக்கார்டு அட்டைகள் இருக்கும். பதக்கத்துக்கு அடித்தளமாகவும், கம்மலைக் கோத்து விற்கும் அட்டையாகவும் அவை உதவும். ஆயினும் அந்த வடிவம் மீண்டும் தறியில் ஏறுமா என்று கேட்டறிந்த பின்னரே வெட்டவேண்டும். நூற்கழிவு, மணி கோக்கவும் வளையலுக்குச் சுற்றவும் ஆகும்.

விலக்க வேண்டியவை நான்கு. முதலாவது, பூச்சிமருந்து, பூஞ்சண மருந்து வந்த பெட்டியும் உறையும். திராட்சைத் தோட்டம் வைத்திருப்போர் வீட்டில் இவை மிகுதி. காதிலும் கழுத்திலும் படும் பொருளுக்கு இவற்றைத் தொடவும் கூடாது. இரண்டாவது, ஆதார் நகல், வங்கித் தாள் முதலிய சொந்த விவரங்கள் கொண்டவை. மூன்றாவது, சங்கத்தின் பழைய பேரேடு, ரசீது, கூட்டக் குறிப்பு. இவற்றை விதித்த காலம் வரை காத்து, உரிய அனுமதி பெற்ற பின்னரே கழிக்கலாம். 'பழந்தாள்தானே' என்று எடுத்துக் கொடுக்கும் எழுத்தரும் வாங்கும் அங்கத்தினரும் பின்னர் வருந்த நேரும். நான்காவது, தெய்வப் படம் உள்ள பகுதி. அதை வெட்டி நகை செய்தால் வாங்குவோர் மனம் புண்படலாம். அப்பகுதியைத் தனியே எடுத்து வைத்துவிடுக.

உருட்டு மணி செய்யும் முறை

சாதாரண எழுதுதாள் அளவு 21 சென்டிமீட்டர் அகலமும் 29.7 சென்டிமீட்டர் நீளமும் உடையது. அந்த அளவுத் தாளின் கீழ் ஓரத்தில் 2 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி இடுக. மேல் ஓரத்தில் முதற் புள்ளியை 1 சென்டிமீட்டரிலும், பின்னர் 2 சென்டிமீட்டருக்கு ஒன்றாகவும் இடுக. கீழ்ப்புள்ளியையும் மேற்புள்ளியையும் மாற்றி மாற்றிக் கோடிட்டு இணைத்தால், நீண்ட முக்கோணப் பட்டைகள் ஏறத்தாழ 20 கிடைக்கும். ஓரத்தில் வரும் பாதிப் பட்டைகளை விலக்குக.

அகன்ற முனையைத் துடைப்பக் குச்சி அல்லது கோணி ஊசியின் மேல் வைத்து இறுக்கமாகச் சுற்றுக. நடுக்கோடு விலகாமல் சுற்றுவதே இதன் இரகசியம். முதற் சுற்று முடிந்தபின் பட்டையின் எஞ்சிய பகுதியில் மெல்லப் பசை தடவிச் சுற்றி முடிக்கவும். மணி நடுவில் 6 மில்லிமீட்டர் அளவுக்குப் பருத்து, இரு முனையிலும் மெலிந்து அமையும். இருபது மணிகளை வரிசையாகக் கோத்தால் 40 சென்டிமீட்டர் வரும். இடையிடையே சிறு மணிகள் சேர்த்தால் ஒரே தாளில் ஒரு மாலை முடிந்துவிடும். அந்தத் தாளின் எடை 5 கிராம் அளவே. நாள் முழுவதும் அணிந்தாலும் கழுத்து நோகாது.

சுருள் ஜிமிக்கி செய்யும் முறை

தடித்த வண்ணத்தாளை 3 மில்லிமீட்டர் அகலப் பட்டைகளாக ஒரே சீராக வெட்டுக. ஒரு பட்டையின் முனையை ஊசியில் பிடித்து, தட்டையான வட்டமாக இறுக்கிச் சுருட்டுக. பட்டை முடியும் இடத்தில் அடுத்ததை ஒட்டித் தொடர்க. இரண்டரை சென்டிமீட்டர் குறுக்களவு வட்டத்துக்குத் தாளின் தடிப்பைப் பொறுத்து மூன்று மீட்டருக்கு மேற்பட்ட பட்டை வேண்டும். அதாவது, எழுதுதாள் நீளப் பட்டைகள் பதினொன்று அல்லது பன்னிரண்டு.

வட்டம் முடிந்தபின், நடுவைக் கோலிக்குண்டு அல்லது சிறு மூடியின் மேல் வைத்து மெல்ல அழுத்தினால் குடை வடிவம் வரும். உட்புறம் முழுவதும் பசை பூசி ஒரு நாள் காயவிடுக. இப்பசையே குடை மீண்டும் தட்டையாகாமல் காக்கும். இரண்டு குடைகளையும் அருகருகே வைத்து உயரம் ஒத்திருக்கிறதா என்று பார்த்த பின்னரே கொக்கி மாட்டுக. இடக்காதும் வலக்காதும் வேறுபட்டால் அந்த ஜோடி விற்காது.

வளையல் அளவு

வளையல் செய்வோர் பெரும்பாலும் அளவிலே தவறுகிறார்கள். கடையில் 'இரண்டு ஆறு' என்று சொல்வது, 2 அங்குலமும் அதன்மேல் பதினாறில் 6 பங்கும் கொண்ட உட்குறுக்களவு. இது 6 சென்டிமீட்டரும் சிறிது மேலும் ஆகும். எனவே அட்டைப் பட்டையின் உட்சுற்று ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் இருக்கவேண்டும். 'இரண்டு நாலு' அளவுக்கு ஏறத்தாழ 18 சென்டிமீட்டர். ஒட்டுவதற்கான மடிப்பை இதற்குமேல் கூடுதலாக விடுக. உட்புறம் மெருகு பூசும்போது அளவு சிறிது குறையும் என்பதையும் நினைவில் கொள்க.

பசையும் மெருகும்

புத்தகம் கட்டுவோர் பூச்சி அரிக்காதிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு, நகைக்கு ஆகாது. துத்தம் சேர்க்காத மாவுப் பசையையோ கரப்பானும் பூச்சியும் நாடும். எனவே கடையில் விற்கும் வெள்ளைப் பசையே நகைக்குச் சிறந்தது.

பசை நன்கு காய்ந்தபின் வார்னிஷை மெல்லிய பூச்சாக மூன்று முறை பூசுக. ஒவ்வொரு பூச்சும் உலர்ந்த பின்னரே அடுத்ததைப் பூச வேண்டும். அடுப்பெரியும் அறையில் இதைச் செய்யலாகாது. சன்னல் திறந்திருக்கட்டும், குழந்தைகள் அருகில் வேண்டாம். எத்தனை பூச்சு இட்டாலும் தாள் தாளே. மழையிலும் குளியலிலும் அணியலாகாது என்று வாங்குவோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மறைத்து விற்றால் ஒருமுறை விற்கலாம்; சொல்லி விற்றால் பலமுறை விற்கலாம்.

மலிவான கொக்கிகளில் உள்ள நிக்கல் சிலருக்குக் காதில் அரிப்பும் புண்ணும் உண்டாக்கும். கொக்கியிலே காசு மிச்சம் பிடிப்பது தொழிலைக் கெடுக்கும். நிக்கல் சேராத கொக்கியை வாங்குக.

வரவு செலவுக் கணக்கு

இனி மூதாட்டியாரின் கேள்விக்கு வருவோம். கீழே காண்பது உதாரணக் கணக்கு. ஊருக்கும் பருவத்துக்கும் ஏற்ப எண்கள் மாறும். கணக்கிடும் முறை மாறாது.

ஒரு ஜோடி ஜிமிக்கிக்கு, தாளும் பட்டையும் 3 ரூபாய், பசையும் வார்னிஷும் 3 ரூபாய், கொக்கியும் வளையமும் 3 ரூபாய், கோக்கும் அட்டையும் உறையும் 3 ரூபாய் என்று கொள்வோம். ஆகச் செலவு 12 ரூபாய். புதிதாகக் கற்றவர் ஒரு ஜோடி முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது என்க.

வியாபாரி அதை 25 ரூபாய்க்கு எடுத்தால் மிச்சம் 13 ரூபாய். மணிக்கு 10 ரூபாய் அளவே கூலி நிற்கும். அதே ஜோடியை நேரில் 50 ரூபாய்க்கு விற்று, பேருந்து முதலிய விற்பனைச் செலவு 5 ரூபாய் போக்கினால் மிச்சம் 33 ரூபாய். மணிக்கு 26 ரூபாய் வரும். தமிழ்நாட்டில் 2024-25ஆம் ஆண்டுக்கு நூறுநாள் வேலைத் திட்டத்தில் விதிக்கப்பட்ட நாட்கூலி 319 ரூபாய். எட்டு மணி நேரமெனக் கொண்டால் மணிக்கு 40 ரூபாய். ஆகவே, புதிதாகக் கற்றவருக்கு இரு வழியிலும் வரும்படி குறைவே.

கை பழகி, ஒரே வேலையைப் பன்னிரண்டு ஜோடிகளுக்குச் சேர்த்துச் செய்து, நேரத்தை முக்கால் மணியாகக் குறைத்துவிட்டால் நிலை மாறும். நேர் விற்பனையில் மணிக்கு 44 ரூபாய் நிற்கும். ஆனால் வியாபாரிக்குக் கொடுப்பவருக்கு அப்போதும் மணிக்கு 17 ரூபாய்தான். கைத்திறன் எவ்வளவு உயர்ந்தாலும், விற்கும் வழி நம் கையில் இல்லாவிடில் அதன் பயன் நம்மை வந்து சேராது என்பதை இக்கணக்குக் காட்டுகிறது. தறியில் அமர்ந்து பழகிய நெசவாளருக்கு இது புதிய செய்தியாக இராது.

இனி, முன்பணம் 1,500 ரூபாயை எடுத்துக்கொள்வோம். ஜோடிக்கு 13 ரூபாய் மிச்சமென்றால், கட்டிய பணம் திரும்ப 116 ஜோடிகள் செய்யவேண்டும். அதற்கு 145 மணி நேரம் ஆகும். நாள்தோறும் மாலையில் இரண்டு மணி நேரம் உழைத்தால் 73 நாட்கள். அத்தனை நாட்களும் கூலியின்றி உழைத்து, கட்டிய பணத்தை மட்டுமே மீட்டவராவோம். அந்த 73 நாட்களும் வாங்குபவர் தவறாது வாங்க வேண்டும் என்பதும், நகைக் கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கும் என்பதும் வேறு.

ஓர் எச்சரிக்கை

நாம் முன்பு பணியாற்றிய பகுதியில் ஓர் ஊரில் முப்பது பெண்கள் இவ்வாறே தலைக்கு 1,500 ரூபாய் கட்டினார்கள். ஆகத் தொகை 45,000 ரூபாய். முதல் முறை கொடுத்த சரக்குக்கு உடனே பணம் வந்தது. அதைக் கண்டு மேலும் சிலர் சேர விரும்பினார்கள். இரண்டாம் முறை, 'வேலை சுத்தமாக இல்லை' என்று பாதிச் சரக்கைத் திருப்பினார்கள். மூன்றாம் முறை சரக்கை எடுத்துச் சென்றபோது அலுவலகக் கதவு பூட்டிக் கிடந்தது. ரசீது கேட்டோம், ஒருவரிடமும் இல்லை. ஒப்பந்தம் கேட்டோம், கையெழுத்து இட்டவர்களுக்கு நகல் கொடுக்கப்படவில்லை. எழுத்துச் சான்று இல்லாத இடத்தில் அதிகாரியும் கைகட்டி நிற்க நேர்ந்தது.

வேலை கொடுப்பவன் கூலி கொடுப்பான்; கூலிக்காரனிடம் பணம் கேட்பவன் வேறு ஏதோ விற்கிறான் என்பதை அங்கத்தினர்கள் உறுதியாகக் கொள்ளவேண்டும்.

கூட்டாகச் செய்யும் வழி

இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் கூட்டுறவுக் கடை திறந்த 28 முன்னோடிகளுள் நெசவாளர் பலர் இருந்தனர். கலப்படமற்ற பொருள், சரியான எடை, வாங்கிய அளவுக்கு இலாபப் பங்கு என்பவை அவர்கள் வகுத்த வழிகள். அவ்வழிகள் தாள் நகைக்கும் பொருந்தும்.

எட்டுப் பத்துப் பெண்கள் ஒரு குழுவாகச் சேர்க. ஏற்கெனவே மகளிர் சுயஉதவிக் குழு இருந்தால் புதிதாக ஒன்று வேண்டுவதில்லை. கொக்கியும் வார்னிஷும் பசையும் மொத்தமாக வாங்குக. சில்லறை விலையில் உள்ள வேற்றுமை உடனே தெரியும். வெட்டுவதில் வல்லவர் வெட்டுக. சுருட்டுவதில் வல்லவர் சுருட்டுக. ஒருவர் தரம் பார்க்கட்டும். தரம் பார்ப்பவர் தம் சரக்கைத் தாமே பார்க்கலாகாது. ஒவ்வொருவர் கொடுத்த ஜோடி எத்தனை, விற்றது எத்தனை, திரும்பியது எத்தனை என்று ஒரே குறிப்பேட்டில் எழுதி, வாரம் ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் படிக்கவேண்டும். பூசல் பெரும்பாலும் பணக்குறைவால் வருவதில்லை. எழுதாத கணக்கால் வருகிறது.

விற்பனைக்கு நம் பகுதியில் இடம் இல்லாமல் இல்லை. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குத் திரளும் மக்கள், சுருளி அருவிக்கு வருவோர், குமுளி வழியாகத் தேக்கடி செல்லும் பயணிகள், பள்ளி கல்லூரி விழாக்கள் ஆகியவற்றை எண்ணிப் பாருங்கள். மகளிர் குழுக்களின் பொருள்களுக்கென மாவட்டந்தோறும் அமைந்த பூமாலை வணிக வளாகங்களும் உண்டு. 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் தடை செய்யப்பட்டபின், தாளும் துணியும் கொண்டு செய்த பொருள்கள்மேல் மக்களுக்கு நாட்டம் கூடியிருக்கிறது. நம் நகையை மட்டும் பிளாஸ்டிக் உறையில் இட்டு விற்பது பொருந்துமா? ஜக்கார்டு அட்டையில் கோத்து, தறிக்கழிவு நூலால் கட்டிக் கொடுத்தால், அதுவே நம் ஊரின் அடையாளமாக அமையும்.

முதல் மாதம் ஒரு குழு ஐம்பது ஜோடிகளுக்கு மேற்படச் செய்யவேண்டாம். விற்றபின் அடுத்ததைச் செய்க. பெட்டியில் தங்கிய சரக்கு நிறம் மங்கும். பாடுபட்டவர் மனமும் மங்கும்.

முடிவுரை

பொன் நகை அடகுக்கு உதவும். தாள் நகை அடகுக்கு உதவாது. ஆனால் அடகு வைத்த பொன்னை மீட்க அது சிறிதளவு உதவக்கூடும். அதற்கு மேற்பட்ட ஆசையை எவர் ஊட்டினாலும் நம்பலாகாது. அதற்குக் குறைவாக மதித்து ஒதுக்கவும் வேண்டியதில்லை. ஓய்ந்த மாலைப் பொழுதில், முன்பணம் இன்றி, பழந்தாளில் தொடங்கக்கூடிய தொழில் இது. நட்டம் வந்தால் சிறிதளவே வரும்.

இரண்டு நாள் கழித்து அனுமந்தன்பட்டிக்குச் சென்று, மேற்கண்ட கணக்கை மூதாட்டியாருக்கும் அவருடைய பேத்திக்கும் திண்ணையில் அமர்ந்து எழுதிக் காட்டினோம். நூற்றுப்பதினாறு ஜோடி என்ற இடம் வந்ததும் அந்தப் பெண் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். மூதாட்டியார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

பின்னர், "அப்படியானால் அந்த ஆயிரத்தைந்நூறைக் கடனிலேயே திருப்பிக் கட்டிவிடலாமா, தம்பி?" என்றார்.

"கட்டலாம், அம்மா. இன்றே கட்டினால் வட்டியும் குறையும்" என்றோம்.

கட்டினார். ரசீதை வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்து, மடித்து வைத்துக்கொண்டார். அவருடைய பேத்தி இப்போது அண்டை வீட்டுப் பெண்கள் அறுவரைச் சேர்த்துக்கொண்டு மணி உருட்டக் கற்பிக்கிறாள். அவர்கள் முதலில் வாங்கிய பொருள் கத்தரியும் பசையும் அன்று, ஒரு குறிப்பேடு. அங்கத்தினர்கள் தத்தம் ஊரில் இவ்வாறே தொடங்குவார்களாக.